முப்பத்திரண்டு கிராம் ஆக்சிஜன்

மகனே,

பெட்டியைப் பிரித்து, துணிமணிகளை எடுத்து அடுக்கி, அம்மா கட்டிக்கொடுத்த புளிக்காய்ச்சல் பாட்டில் ஒழுகியிருக்கிறதா என்று மோந்து பார்த்துவிட்டு, கடைசியாகத்தான் இந்தப் பழைய பதினோராம் வகுப்பு வேதியியல் புத்தகத்தைக் கையில் எடுத்திருப்பாய். நடுவில் கனமாக ஏதோ இருக்கிறதே, பணமோ என்று நீ நம்பிக்கையோடு திறந்திருந்தால் மன்னித்துக்கொள். இருப்பது கடிதம்தான். நீ கடிதத்தை எடுத்துக்கொண்டு புத்தகத்தை மூடிவிடாதே, அந்தப் பக்கம் திறந்தே இருக்கட்டும். நாளைக்கு நீ முதன்முதலாக ஒரு வகுப்பறைக்குள் வேதியியல் ஆசிரியராகக் காலடி எடுத்து வைக்கப்போகிறாய். அதற்குள் நான் உன்னிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். கடலூர் செம்மண்டலத்தில், நம் வீட்டுக் கூடத்தில் நீ பெட்டி கட்டும்போதே வாய்வரை வந்தது. ஆனால் உன் அம்மா தண்ணீர் பாட்டில், போர்வை, மாத்திரை என்று ஒவ்வொன்றாக ஞாபகப்படுத்திக்கொண்டிருந்ததில் எனக்கு இடமே கிடைக்கவில்லை. இது ரகசியக் கடிதமும் இல்லை. அவளுக்குப் படித்துக் காட்டிவிட்டேன். பல இடங்களில் சிரித்தாள், ஒரு இடத்தில் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். நீ உன் வகுப்புப் பிள்ளைகளுக்கு உரக்கப் படித்துக் காட்டினாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

முதலில் ஒரு பழைய பொய். நான் பிளஸ் டூவில் சயின்ஸ் குரூப் படித்தவன், குடும்பச் சூழ்நிலை காரணமாக மேலே படிக்க முடியாமல் போனவன் என்று உனக்கு விவரம் தெரிந்த நாள் முதலாகச் சொல்லி வந்திருக்கிறேன். சயின்ஸ் குரூப் படித்தது உண்மை. குடும்பச் சூழ்நிலையும் உண்மைதான். அந்தச் சூழ்நிலை என்னவென்றால், நான் வேதியியலில் ஃபெயில், அது என் அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. அன்றைக்கு ஓடியவன் அண்ணாகிராமத்துப் பக்கம் ஒரு முந்திரிக் குடோனில்தான் போய் நின்றேன். மூட்டை தூக்கி, டின் அடைத்து, கடைசியில் பருப்பைத் தரம் பிரிக்கும் பகுதிக்கு சூப்பர்வைசர் ஆனேன். அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. ஆனால் உன் அம்மாவைப் பெண் பார்க்கப் போன இடத்தில் உன் மாமா, "மாப்பிள்ளை என்னா படிச்சிருக்காரு?" என்று கேட்க, நான் "கெமிஸ்ட்ரி" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டேன். ஒரு தட்டு பஜ்ஜி தின்னும் நேரத்தில் சொன்ன பொய், அதற்கு நான் இருபத்தைந்து வருஷமாகத் தீனி போட்டு வளர்க்க வேண்டியதாகிவிட்டது.

நீ பிளஸ் ஒன் சேர்ந்தது 2004-ல். காலாண்டுத் தேர்வு நெருங்கும் சமயத்தில் உனக்குக் காய்ச்சல் வந்து ஒரு வாரம் பள்ளிக்கூடம் போகவில்லை. சரியாக அந்த ஒரு வாரத்தில் உங்கள் கெமிஸ்ட்ரி சார் மோல் கணக்கு மொத்தத்தையும் நடத்தி முடித்திருந்தார். நீ கம்பளியைப் போர்த்திக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்து, "அப்பா, இது மட்டும் புரியல" என்று இந்தப் புத்தகத்தை நீட்டினாய். ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து தண்ணீராகிறது. சமன்பாட்டில் ஹைட்ரஜனுக்கு முன்னால் 2 என்று இருக்கிறது. ஆக்சிஜனுக்கு முன்னால் எதுவும் இல்லை, அதாவது ஒன்று. நான்கு கிராம் ஹைட்ரஜன் முழுசாக எரிவதற்கு எத்தனை கிராம் ஆக்சிஜன் வேண்டும்? "எனக்குத் தெரியாதுடா, சாரைக் கேளு" என்று அந்த நிமிஷம் சொல்லியிருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இல்லை. நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன்.

"ரெண்டுக்கு ஒண்ணுன்னு அவனே போட்டிருக்கான். நாலுன்னா ரெண்டு. ரெண்டு கிராம். இதுக்குப் போயி ஒரு பக்கம் எழுதி வச்சிருக்கான் பாரு."

"அப்பா, புக்ல முப்பத்திரண்டு கிராம்னு போட்டிருக்குப்பா."

"எங்க காட்டு." பார்த்தேன். முப்பத்திரண்டு என்றுதான் போட்டிருந்தது. "பிரிண்டிங் மிஸ்டேக்."

அடுப்படியிலிருந்து உன் அம்மா, "புக்கு போட்டவங்களுக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரிஞ்சிடுச்சா?" என்றாள். "நீ சும்மா இரு, நான் கெமிஸ்ட்ரி படிச்சவன்" என்றேன். சும்மா இருக்க வேண்டியவன் நான்தான். டின் சீட்டில் ரகம் எழுதுகிற சிவப்புப் பேனா சட்டைப்பையில் இருந்தது. அதை எடுத்து, அச்சடித்த 32-ஐ அடித்துவிட்டுப் பக்கத்தில் 2 என்று எழுதி, வட்டம் வேறு போட்டேன். நீ என்னை ஒரு மாதிரி பார்த்தாய். காய்ச்சல் மயக்கம் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த பக்கத்தில் இன்னும் மூன்று பிரிண்டிங் மிஸ்டேக்குகளைக் கண்டுபிடித்துத் திருத்தினேன். நாடு முழுக்கப் பிள்ளைகள் தப்பாகப் படிக்கிறார்களே, இதைப் பற்றி யாருக்காவது எழுதிப் போடலாமா என்றுகூட அன்றைக்கு யோசித்தேன்.

நீ அப்பன் சொல்லைக் கேட்கிற பிள்ளை. காலாண்டுத் தேர்வில் மோல் கணக்கு அத்தனையையும் என் முறைப்படியே போட்டு, அத்தனைக்கும் முட்டை வாங்கினாய். பள்ளிக்கூடத்திலிருந்து என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். இஸ்திரி போட்ட சட்டையோடு, சண்டைக்குத் தயாராகத்தான் நான் போனேன். உங்கள் சார் உன் விடைத்தாளை மேஜைமேல் விரித்து வைத்திருந்தார். பக்கத்தில் இந்தப் புத்தகமும் கிடந்தது. "எல்லாக் கணக்கும் ஒரே மாதிரி தப்பு சார். மோலையே தொடல, எடையையே பாதி பாதியா வெட்டியிருக்கான். இப்படியே போனா பிளஸ் டூவுல மாட்டிக்குவான். ஹெச்.எம். இவன காமர்ஸ் குரூப்புக்கு மாத்தச் சொல்றாரு. நான்தான் லீவு முடிஞ்சி ஒரு டெஸ்ட் வச்சிப் பாக்கலாம்னு கேட்டிருக்கேன்" என்றார். அஞ்சாம் வகுப்பிலிருந்தே சயின்ஸ் சயின்ஸ் என்று திரிந்த பிள்ளை நீ. பிறகு அவர் உன் பக்கம் திரும்பி, "யாருப்பா உனக்கு இப்படிச் சொல்லிக்குடுத்தது?" என்று கேட்டார்.

நீ என்னைப் பார்க்கவே இல்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, "நானே போட்டேன் சார்" என்றாய்.

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்தேன். உண்மையைச் சொல்ல அல்ல. "சொன்னா கேக்குறதே இல்ல சார் இவன்" என்றேன். எட்டு வருஷமாக இந்த ஒரு வாக்கியம் என் தொண்டையில் கிடக்கிறது. திரும்பி வரும்போது வழியில் வண்டியை நிறுத்தி உனக்கு ஒரு ரோஸ் மில்க் வாங்கிக் கொடுத்தேன். நான் அதுவரை உனக்குக் கேட்காமல் எதுவும் வாங்கிக் கொடுத்ததில்லை, ஆகவே உனக்கும் எதற்கென்று தெரிந்திருக்கும். நீ உறிஞ்சிக் குடித்துவிட்டு, "நல்லா இருக்குப்பா" என்றாய். என்னைத் திட்டியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

இன்னொரு அசிங்கத்தையும் சொல்லிவிடுகிறேன். அப்போதும் என் கணக்கு தப்பு என்று எனக்கு முழுசாக நம்பிக்கை வரவில்லை. சார் ஏதோ கரும்பலகையில் எழுதிக் காட்டினார், நானும் புரிந்ததுபோல் தலையை ஆட்டினேன். வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம், "வாத்தியாருக்கே சரியா தெரியல" என்றேன். அவள் இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு மட்டும் போட்டாள்.

அந்த விடுமுறையில் ஒரு நாள் நீயாகவே, "அப்பா, நானும் குடோனுக்கு வரேன்" என்றாய். தரம் பிரிக்கிற பெண்கள் வரிசையாக உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். நீ டின்களின் சீட்டைப் படித்துக்கொண்டே வந்து, "320ன்னா என்னாப்பா?" என்று கேட்டாய். பிறந்ததிலிருந்து முந்திரிக்காரன் வீட்டில் வளர்ந்தவன் கேட்கிற கேள்வியா அது? ஆனால் என்னிடம் யாராவது தொழிலைப் பற்றிக் கேட்டுவிட்டால் போதுமே. ஒரு பவுண்டு எடைக்கு முந்நூற்றிருபது பருப்பு நின்றால் அது 320 ரகம், நூற்றியெண்பது நின்றால் 180 ரகம், எண் குறையக் குறையப் பருப்பு பெரிசு என்று பிரசங்கமே வைத்தேன். நீ பவ்யமாகக் கேட்டுவிட்டு அடுத்ததைப் போட்டாய்.

"ஒரு ஸ்வீட் கடைக்காரரு அல்வாத் துண்டு போடறாருன்னு வச்சிக்கப்பா. துண்டுக்கு ரெண்டு சின்னப் பருப்பு, ஒரு பெரிய பருப்பு. 320 ஒரு பவுண்டு அனுப்பினா, 180 எவ்ளோ அனுப்பணும்? ரெண்டுக்கு ஒண்ணு, அப்ப அரைப் பவுண்டு போதுமா?"

எனக்கு வந்ததே கோபம். "அறிவிருக்காடா? அரைப் பவுண்டுல தொண்ணூறு பருப்புதான் நிக்கும். அவனுக்கு முந்நூத்திருபது சின்னதுக்கு நூத்தியறுபது பெருசு வேணும். எழுபது துண்டு மொட்டையா போவும். ஒரு பவுண்டுக்கு இருபது பருப்பு கம்மியா அனுப்பணும், அதான் கணக்கு."

"அப்ப ரெண்டுக்கு ஒண்ணுன்னா எடை இல்லியாப்பா?"

"எடைக்கும் அதுக்கும் என்னாடா சம்பந்தம்? ரெண்டுக்கு ஒண்ணுங்கறது எண்ணிக்கை. மொதல்ல எத்தினி பருப்புன்னு எண்ணு, ரெண்டுக்கு ஒண்ணு எடு, அப்புறம் அத எடைக்கு மாத்து. ஒவ்வொரு பருப்பும் ஒவ்வொரு எடையில்ல?"

சொல்லி முடித்த பிறகுதான் நான் சொன்னது என் காதிலேயே விழுந்தது. நீ பெண்கள் வேலை செய்வதை வேடிக்கை பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டாய். கொஞ்ச நேரம் கழித்து நான் மெதுவாக, "டேய், அந்தக் கெமிஸ்ட்ரி புக்கு..." என்று இழுத்தேன். "பையிலதாம்ப்பா இருக்கு" என்று எடுத்து நீட்டினாய். லீவு நாளில் முந்திரிக் குடோனுக்கு வேதியியல் புத்தகத்தோடு எந்தப் பிள்ளையாவது வருவானா என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை. ஒரு காலி டின்னைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து படித்தேன். மோல் என்றால் ஒரு எண்ணிக்கை, டஜன் மாதிரி, ராட்சச டஜன். ஹைட்ரஜனில் அந்த டஜன் ஒன்றுக்கு எடை இரண்டு கிராம்தான். ஆக்சிஜனில் அதே டஜனுக்கு முப்பத்திரண்டு கிராம். நான்கு கிராம் ஹைட்ரஜன் என்றால் இரண்டு மோல். ரெண்டுக்கு ஒன்று, ஆகவே ஆக்சிஜன் ஒரு மோல். ஒரு மோல் ஆக்சிஜன் முப்பத்திரண்டு கிராம். அச்சில் இருந்த அதே எண். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு உனக்கு அதை விளக்கினேன். நீ ஒவ்வொரு படிக்கும் "ஓ, அப்படியா" என்றாய். "அப்ப அன்னிக்கு ஏம்ப்பா ரெண்டுன்னு போட்ட?" என்று கேட்டாய் பார், அதற்கு நான் சொன்ன பதிலை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. "உன்ன டெஸ்ட் பண்ணேன்டா" என்றேன். "ஓ, அப்படியா" என்றாய்.

மறுதேர்வில் மோல் கணக்கு ஒன்றுகூட நீ தப்பவிடவில்லை. சயின்ஸ் குரூப்பிலேயே நின்றாய். பி.எஸ்சி., பிறகு சிதம்பரத்தில் எம்.எஸ்சி., அதற்கு மேல் பி.எட். நீ ஒவ்வொரு படி ஏறும்போதும் நான் ஊரெல்லாம் பீற்றிக்கொண்டேன். முந்திரிப் பருப்பை வைத்து மோல் கணக்கு சொல்லிக்கொடுத்தவன் நான் என்று பண்ருட்டி பஸ் ஸ்டாண்டில் லாரி புரோக்கர் முதல் உன் அத்தை வீட்டு வளைகாப்புக்கு வந்தவர்கள் வரை ஒருத்தரையும் விடவில்லை. உன் மாமாவிடம் மட்டும் ஏழெட்டு முறை சொல்லியிருக்கிறேன். "அதான் மச்சான் போன வாரமே சொன்னீங்களே" என்று அவர் எழுந்து போவார். நீ பக்கத்தில் இருந்தால் சிரித்துக்கொண்டே தலையாட்டுவாய். என்ன அடக்கமான பிள்ளை என்று எனக்குப் பூரிப்பாக இருக்கும்.

உனக்கு வேலை கிடைத்ததும் உங்கள் கெமிஸ்ட்ரி சாரிடம் நேரில் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆசை. அவர் ரிட்டயர் ஆகி சிதம்பரத்தில் இருக்கிறார் என்று நீதான் ஒருமுறை சொல்லியிருந்தாய். உன்னிடம் சொல்லாமல், போன வாரம் ஒரு பலாப்பழத்தை எடுத்துக்கொண்டு கடலூரில் பஸ் ஏறினேன். பழத்துக்கும் டிக்கெட் வாங்கு என்று கண்டக்டர் தகராறு பண்ணியது தனிக் கதை. சாருக்கு என்னை அடையாளம் தெரிந்தது. அவர் வீட்டம்மா இட்லியும் கொத்சும் வைத்தார். பழத்தை அறுத்துச் சுளை எடுத்துக்கொண்டிருக்கும்போது நான் வழக்கம்போல ஆரம்பித்தேன். "அவனுக்கு மோல் கணக்கு வரவே வராது சார். நான்தான் முந்திரிப் பருப்ப வச்சி விளங்க வச்சேன்."

சார் சுளையைத் தட்டில் வைத்துவிட்டு என்னையே பார்த்தார். "அவன் உங்ககிட்ட சொல்லவே இல்லியா?" என்றார்.

உன்னை நான் பள்ளிக்கூடத்திலிருந்து அழைத்துவந்த மறுநாள் நீ அவரைப் போய்ப் பார்த்திருக்கிறாய். அரை மணி நேரத்தில் மோல் கணக்கு உனக்குப் புரிந்துவிட்டதாம். அதற்குப் பிறகும் போகாமல் நின்றாயாம். சட்டைப்பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து அவர் மேஜையில் கொட்டினாயாம், 320-ல் பத்துப் பருப்பு, 180-ல் பத்துப் பருப்பு. லேப் தராசில் இரண்டு பேரும் நிறுத்துப் பார்த்தீர்களாம். சின்னது பத்தும் பதினான்கு கிராம், பெரியது பத்தும் இருபத்தைந்து கிராம். "இத வச்சி எங்க அப்பாவுக்குப் புரியற மாதிரி எப்படி சார் சொல்றது?" என்று கேட்டாயாம். "உனக்குப் புரிஞ்சிடுச்சில்ல, அது போதும்" என்று அவர் சொல்ல, "இல்ல சார், அவருக்கும் புரியணும். அவர் தப்பா தெரிஞ்சிக்கிட்டு இருக்கறது எனக்குப் புடிக்கல" என்றாயாம். அப்படியானால் நேராகப் போய் விளக்கிச் சொல் என்றதற்கு நீ சொன்ன பதிலை, சார் உன் குரலிலேயே சொல்லிக் காட்டினார்.

"சொன்னா கேக்க மாட்டாரு சார். கேட்டா சொல்லுவாரு."

அல்வாக் கடைக்காரர், துண்டுக்கு இரண்டு சின்னது ஒரு பெரிசு, அரைப் பவுண்டு போதுமா என்ற கேள்வி, பையில் தயாராக இருந்த புத்தகம், அந்த "ஓ, அப்படியா", எல்லாவற்றையும் நீயும் அவரும் உட்கார்ந்து திட்டம் போட்டிருக்கிறீர்கள். பதினாறு வயதில் நீ எனக்குப் பாடம் நடத்தினாய், அதுவும் பாடம் நடத்துகிறவன் நான்தான் என்று என்னை நம்பவைத்து. நான் சாரிடம், "சார், அந்த ரெண்டு கிராம் கணக்கு நான் சொல்லிக்குடுத்தது" என்றேன். அவர், "அன்னிக்கே தெரியும் சார். புக்ல செகப்பு மை இருந்துச்சே, அதே பேனாதான உங்க பாக்கெட்லயும் இருந்துச்சி. பையன் முன்னால எதுக்குன்னு வுட்டுட்டேன்" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அழுகையை மறைக்க ஏதாவது பேச வேண்டுமே என்று, "அந்தப் பருப்பு என்னா சார் ஆச்சி?" என்று கேட்டேன். "ரெண்டு பேரும் தின்னுட்டோம்" என்றார்.

அதுவும் எனக்கு ஒரு குழியாகத்தான் முடிந்தது. எட்டு வருஷத்துக்கு முன்னால் அதே வாரம், நான் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்த மாதிரிப் பொட்டலத்தில் 180 ரகம் பத்துப் பருப்பு குறைகிறது என்று, தரம் பிரிக்கிற அஞ்சலையை நாலு பேர் முன்னால் நான் சத்தம் போட்டிருந்தேன். சிதம்பரத்திலிருந்து வந்த மறுநாள் அவளைத் தேடிப் போய், "எம் புள்ளதான் எடுத்திருக்கான், தெரியாம உன்னப் பேசிட்டேன்" என்றேன். "அய்ய, எட்டு வருசம் கழிச்சி பத்துப் பருப்புக்கா வந்தீங்க? நான் தின்னாத பருப்புக்குத்தான் திட்டு வாங்கினேன். தின்னதுக்கு ஒரு நாளும் வாங்கல, போங்க" என்று சிரித்தாள். நீ ஊருக்கு வரும்போது அவளைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வா.

புத்திமதி என்று பெரிதாக எதுவும் என்னிடம் இல்லை. சமன்பாட்டைப் பற்றி உனக்குத் தெரியாததா எனக்குத் தெரியும்? ஒன்று மட்டும். உன் வகுப்பில் என்றைக்காவது ஒரு பிள்ளை எல்லாக் கணக்கையும் ஒரே மாதிரி தப்பாகப் போட்டுவிட்டு, தரையைப் பார்த்துக்கொண்டு "நானே போட்டேன் சார்" என்று சொல்லும். அவசரப்படாதே. அந்தப் பிள்ளைக்குப் பின்னால் இஸ்திரி சட்டையில் விறைப்பாக நிற்கிற ஆளைக் கொஞ்சம் பார். அவன் கெட்டவன் இல்லை, பயந்தவன். பிள்ளையின் கண்ணில் சின்னவனாகிவிடுவோமோ என்று பயந்தவன். அவனை அங்கே வைத்து அவமானப்படுத்திவிடாதே. உனக்கே ஒரு கணக்குத் தெரியாமல் போனால், கரும்பலகைக்கு முன்னால் நின்றுகொண்டே "தெரியல, நாளைக்குப் பாத்துட்டு வந்து சொல்றேன்" என்று சொல்லிவிடு. எனக்கு வராத வாக்கியம் அது. உனக்கு வரட்டும்.

நீ பெட்டி கட்டும்போது புதுப் புத்தகங்களுக்கு நடுவில் இந்தக் கிழிந்த புத்தகமும் போவதைப் பார்த்தேன். என் சிவப்பு மையை இத்தனை வருஷம் நீ அடிக்கவும் இல்லை, அந்தப் பக்கத்தைக் கிழிக்கவும் இல்லை. நீ குளிக்கப் போன நேரத்தில் எடுத்துப் பார்த்தேன். வட்டம் அப்படியே இருக்கிறது. அதை அடித்துவிடலாமா என்று பேனாவைத் திறந்தேன், பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டேன். நடந்தது நடந்ததுதானே. அதற்குப் பதிலாக ஓரத்தில் இரண்டு வரி எழுதியிருக்கிறேன். கடிதத்தை மடித்து வைத்துவிட்டுப் பார்: "அச்சில் உள்ள 32 தான் சரி. 2 என்று தப்பாகத் திருத்தியது இவன் அப்பா." கீழே, உன் ரேங்க் கார்டில் மார்க்கைப் பார்க்காமலே போடுவேனே, அதே கையெழுத்து. இந்த முறை முழுசாகப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் போட்டேன்.

உன் அப்பா